சிறுநீரகப் புற்றுநோயும் சார்பு நோய்க்கூட்டறிகுறிகளும்

சார்பு நோய்க்கூட்டறிகுறிகள் என்பவை, புற்றுக்கட்டி ஒன்று தான் தோன்றிய உறுப்பில் இருந்துகொண்டே, உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாமலேயே, அப்பகுதிகளில் உண்டாக்கும் நோய்நிலைகள் ஆகும். மருத்துவர்கள் இவற்றைப் பாரானியோபிளாஸ்டிக் சிண்ட்ரோம் என அழைக்கின்றனர். கட்டி அருகிலுள்ள உறுப்பை அழுத்துவதாலோ, அதன் உயிரணுக்கள் வேறிடம் சென்று வளர்வதாலோ ஏற்படும் தொல்லைகள் இவற்றுள் அடங்கா. கட்டியிலிருந்து குருதியில் கலக்கும் இயக்குநீர்களும் சைட்டோகைன்கள் எனப்படும் அழற்சிப் புரதங்களும் இவற்றுக்கு முதன்மைக் காரணங்களாகும். கட்டிக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் நலமான திசுக்களையும் தாக்குவதால் தோன்றுபவையும் உண்டு.

பல புற்றுநோய்களில் இந்நிலை காணப்படினும், சிறுநீரகப் புற்றுநோய் இதற்குப் பெயர்பெற்றது. சிறுநீரகப் புற்றுநோயாளிகளுள் 10 முதல் 40 விழுக்காட்டினருக்கு இத்தகைய கூட்டறிகுறி ஏதேனும் ஒன்று காணப்படுவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. இவ்விரு எண்களுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு, எவற்றையெல்லாம் இப்பட்டியலில் சேர்ப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமை இல்லாமை ஒரு காரணம்.

இவற்றை அறிந்திருப்பது ஏட்டறிவுக்காக மட்டும் அன்று. சிறுநீரகத்தில் கட்டி இருக்கும் ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தால், புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று முடிவு செய்யத் தோன்றும். அம்முடிவு தவறாக இருப்பின், அறுவையால் குணமாகக்கூடிய ஒருவர் அந்த வாய்ப்பை இழக்க நேரிடும்.

சிறுநீரகப் புற்றுநோய் குறித்துச் சுருக்கமாக

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு, சிறுநீரக உயிரணுப் புற்று என்னும் வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் நான்கில் மூன்று பங்கு தெளிவுயிரணு வகையாகும். நுண்நோக்கியில் காணும்போது உயிரணுக்களின் உட்புறம் வெறுமையாக, தெளிவாகத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. இக்கட்டுரையில் கூறப்படுபவை பெரும்பாலும் இவ்வகைக்கே பொருந்தும்.

விலாப்புற வலி, சிறுநீரில் குருதி, கையால் உணரக்கூடிய கட்டி ஆகிய மூன்றும் இந்நோயின் மரபான அறிகுறிகள் எனப் பாடநூல்கள் கூறும். ஆனால் மூன்றும் ஒருங்கே அமைவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே. சிறுநீரகங்கள் வயிற்றின் பின்புறத்தில் ஆழமாக, கொழுப்பால் சூழப்பட்டு இருப்பதால், கட்டி பெரிதாகும் வரை வெளியே தெரிவதில்லை. அதற்கு முன்பே காய்ச்சல், எடை குறைவு, குருதிச்சோகை போன்ற தொடர்பற்ற குறைகளுடன் நோயாளி பொது மருத்துவரை நாடுவதுண்டு. இதனால் இதற்கு 'உள்மருத்துவரின் கட்டி' என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது. மீயொலி, சி.டி. ஸ்கேன் கருவிகள் பரவிய பின்னர், பாதிக்கும் மேற்பட்ட கட்டிகள் வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் படங்களில் தற்செயலாகவே வெளிப்படுகின்றன. எனவே 'கதிர்ப்பட வல்லுநரின் கட்டி' என்பதே இப்போது பொருத்தமான பட்டம் எனச் சொல்வோரும் உளர்.

சொல்லும் வரையறையும்

புற்றுநோய் தன் இடத்திற்கு அப்பால் விளைவுகளை உண்டாக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. பாரிசு நகர மருத்துவர் அர்மான் துரூசோ, உள்ளுறுப்புப் புற்றுள்ளோரின் நாளங்களில் குருதி உறைவதை 1865-இல் விளக்கினார். பாரானியோபிளாஸ்டிக் என்னும் சொல்லை 1949-இல் பிரெஞ்சு மருத்துவர்களான கிஷார், வின்யோன் ஆகியோர் பயன்படுத்தினர். 'புற்றுக்கு அருகில்' என்பது இச்சொல்லின் நேர்ப்பொருள்.

எவை இதில் அடங்கா என்பதையும் மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். இடது விதைப்பையில் நாளங்கள் புடைத்துக்கொள்ளும் வெரிக்கோசீல் என்னும் நிலை, சில வேளைகளில் இடது சிறுநீரகப் புற்றின் முதல் அறிகுறியாக அமையும். இடது விதையிலிருந்து வரும் சிரை இடது சிறுநீரகச் சிரையில் சென்று சேர்கிறது. அச்சிரைக்குள் கட்டி வளர்ந்து அடைத்துக்கொண்டால் விதைப்பையில் குருதி தேங்குகிறது. இது வெறும் குழாய் அடைப்பே அன்றிச் சார்பு நோய்க்கூட்டறிகுறி அன்று. அவ்வாறே வான் ஹிப்பல்-லிண்டாவ் நோயில் விழித்திரையிலும் சிறுமூளையிலும் தோன்றும் குருதிக்குழாய்க் கட்டிகள், சிறுநீரகக் கட்டியின் விளைவுகள் அல்ல. ஒரே மரபணுக் குறை எல்லா இடங்களிலும் தனித்தனியாக உண்டாக்குபவை.

சிறுநீரகப் புற்றில் ஏன் மிகுதி?

சிறுநீரகம் கழிவை வடிக்கும் உறுப்பு மட்டுமன்று. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின், குருதி அழுத்தத்தைப் பேணும் ரெனின் ஆகியவற்றைச் சுரப்பதும் அதுவே. உயிர்ச்சத்து டி-யைச் செயல்படு வடிவத்துக்கு மாற்றுவதும் அதுவே. ஆகவே அதில் தோன்றும் புற்றும் இவற்றை மிகையாகச் சுரக்கிறது என்று பல நூல்கள் எளிதாக விளக்கிவிடுகின்றன. இவ்விளக்கம் முழுவதும் சரியன்று. எரித்ரோபொயட்டினைச் சுரப்பவை சிறுநீரக நுண்குழல்களுக்கு இடையிலுள்ள இணைப்புத்திசு உயிரணுக்கள். ரெனினைச் சுரப்பவை வடிமுடிச்சுக்குள் நுழையும் நுண்தமனியின் சுவரிலுள்ள உயிரணுக்கள். தெளிவுயிரணுப் புற்றோ நுண்குழலின் உட்சுவர் உயிரணுக்களிலிருந்து தோன்றுகிறது. அதாவது, தன் முன்னோர் செய்யாத தொழிலைப் புற்று உயிரணு புதிதாக மேற்கொள்கிறது.

இதற்கான விடை வி.எச்.எல். என்னும் மரபணுவில் உள்ளது. மூன்றாம் குறுமவகத்தில் அமைந்த இம்மரபணு 1993-இல் இனங்காணப்பட்டது. குடும்ப வழியில் வரும் வான் ஹிப்பல்-லிண்டாவ் நோயில் இது பிறவியிலேயே பழுதுபட்டிருக்கும்; குடும்ப வரலாறு இல்லாத தெளிவுயிரணுப் புற்றுகளிலும் பெரும்பாலானவற்றில் இது செயலிழந்திருக்கும்.

இம்மரபணு உருவாக்கும் புரதத்தின் பணி, உயிர்வளிக் குறைவை உணர்த்தும் எச்.ஐ.எஃப். என்னும் புரதத்தை அவ்வப்போது அழிப்பதாகும். உயிர்வளி போதிய அளவு இருக்கும்போது எச்.ஐ.எஃப். புரதத்தின் மீது ஒரு வேதி அடையாளம் இடப்படுகிறது. வி.எச்.எல். புரதம் அவ்வடையாளத்தைக் கண்டு அதனை அழிவுக்கு அனுப்புகிறது. உயிர்வளி குறைந்தால் அடையாளம் இடப்படுவதில்லை, எச்.ஐ.எஃப். நிலைத்து நின்று, புதிய குருதிக்குழாய்களை வளர்க்கும் காரணிகளையும் எரித்ரோபொயட்டினையும் உருவாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. வி.எச்.எல். இல்லாத உயிரணுவில் இந்த அழிப்புப் பணி நின்றுவிடுகிறது. சுற்றிலும் உயிர்வளி நிறைந்திருந்தும், அவ்வுயிரணு மூச்சுத் திணறுவது போல் நடந்துகொள்கிறது. உயிரணுக்கள் உயிர்வளியை உணரும் இம்முறையைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகியோருக்கு 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது காரணம் இன்டர்லியூக்கின்-6 என்னும் சைட்டோகைன் ஆகும். சிறுநீரகப் புற்று உயிரணுக்கள் பல இதனை உற்பத்தி செய்கின்றன. காய்ச்சல், குருதிச் சிறுதட்டு மிகுதல், கல்லீரல் நொதி மாற்றங்கள், உடல் மெலிவு ஆகியவற்றில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இன்டர்லியூக்கின்-6 புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைப் பரவிய சிறுநீரகப் புற்றுள்ளோருக்குச் செலுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அழற்சிக் குறிகாட்டிகளும் சிறுதட்டு எண்ணிக்கையும் உயர்ந்திருந்த ஆல்கலைன் பாஸ்பட்டேசும் குறைந்ததை 1997-இல் வெளியிட்டனர்.

குருதியில் கால்சியம் மிகுதல்

சிறுநீரகப் புற்றுநோயாளிகளுள் 13 முதல் 20 விழுக்காட்டினருக்குக் குருதியில் கால்சியம் மிகுகிறது. புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றில் இக்கூட்டறிகுறிக்குத் தனி இடம் உண்டு.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஃபுல்லர் ஆல்பிரைட், சிறுநீரகப் புற்றும் எலும்பில் பரவற்கட்டியும் கொண்ட ஒரு நோயாளியைப் பற்றிய கருத்தை 1941-இல் வெளியிட்டார். அந்நோயாளியின் குருதியில் கால்சியம் மிகுந்திருந்தது. கட்டி எலும்பை அரித்ததால் கால்சியம் வெளியேறியது என்பதே அக்கால விளக்கம். ஆனால் பாஸ்பேட்டு குறைந்திருந்ததை ஆல்பிரைட் கவனித்தார். எலும்பு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருள். அது கரைந்தால் இரண்டும் உயர வேண்டும். கால்சியம் உயர்ந்து பாஸ்பேட்டு தாழ்வது, கழுத்திலுள்ள இணைகேடயச் சுரப்பியின் இயக்குநீர் மிகும்போது காணப்படும் தோற்றம். எனவே கட்டியே அத்தகைய இயக்குநீர் ஒன்றைச் சுரக்கிறது என அவர் ஊகித்தார்.

அவ்வூகம் உறுதிப்பட 46 ஆண்டுகள் ஆயின. 1987-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக அப்பொருளைப் பிரித்தெடுத்தன. மெல்பர்ன் குழு நுரையீரல் புற்றிலிருந்தும், அமெரிக்கக் குழுக்கள் இரண்டும் மார்பகப் புற்றிலிருந்தும் சிறுநீரகப் புற்றிலிருந்தும் அதனைப் பெற்றன. அது இணைகேடய இயக்குநீர் அன்று. அதனை ஒத்த வேறொரு புரதம். இணைகேடய இயக்குநீர் சார் புரதம் என்று அதற்குப் பெயரிடப்பட்டது. முதல் 13 அமினோ அமிலங்களுள் 8 இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், ஒரே ஏற்பியில் இரண்டும் பொருந்துகின்றன. இப்புரதம் புற்றுக்கே உரியதன்று. கருவின் எலும்பு வளர்ச்சியிலும், பாலூட்டும் தாயின் மார்பகத்திலும் இதற்கு இயல்பான பணிகள் உண்டு.

கால்சியம் மிகுந்தவருக்குச் சோர்வு, குமட்டல், மலச்சிக்கல், மிகுதியாகச் சிறுநீர் கழிதல், நாவறட்சி ஆகியவை தோன்றும். அளவு மேலும் உயர்ந்தால் மனக்குழப்பமும் நினைவிழப்பும் ஏற்படும். மிகுதியாகச் சிறுநீர் கழிவதால் உடலில் நீர் வற்றுகிறது. நீர் வற்றுவதால் சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்ற இயலாது போகிறது. அதனால் கால்சியம் மேலும் உயர்கிறது. இச்சுழலை உடைப்பதற்காகவே சிகிச்சை சிரைவழி உப்புநீரில் தொடங்குகிறது. பின்னர் எலும்புக் கரைவைத் தடுக்கும் சோலட்ரோனிக் அமிலம் அல்லது டெனோசுமாப் கொடுக்கப்படுகிறது. முன்னது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தாதலால், ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ளவர்களுக்கும் அதன் செயல் குறைந்தவர்களுக்கும் கவனம் தேவை.

ஆய்வக முடிவைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. குருதியிலுள்ள கால்சியத்தின் ஒரு பகுதி ஆல்புமினுடன் பிணைந்திருப்பதால், ஆல்புமின் குறைந்த நோயாளியின் மொத்தக் கால்சியம் இயல்பானது போல் தோன்றக்கூடும். டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே ஆல்புமின் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 மில்லிகிராம் கால்சியத்தைக் கூட்டிக்கொள்வது வழக்கம். கால்சியம் 10.0 மில்லிகிராமாகவும் ஆல்புமின் 2.5 கிராமாகவும் இருந்தால், திருத்திய அளவு 10.0 + (0.8 × 1.5) = 11.2 மில்லிகிராம் ஆகும். இயல்பு வரம்பு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 வரை என்பதால், முதல் பார்வையில் குறையற்றதாகத் தோன்றிய முடிவு உண்மையில் மிகைநிலையைக் குறிக்கிறது. கால்சியத்தின் அயனி வடிவத்தை நேரடியாக அளக்கும் வசதி உள்ள இடங்களில் இக்கணக்கு தேவைப்படாது.

எல்லாக் கால்சிய மிகையும் சார்பு நோய்க்கூட்டறிகுறி அன்று என்பதையும் கூற வேண்டும். சிறுநீரகப் புற்று எலும்புக்கு எளிதில் பரவுவது. பரவற்கட்டிகள் எலும்பை அரிப்பதாலும் கால்சியம் உயரும். ஒரே நோயாளியிடம் இரு வழிகளும் சேர்ந்து இயங்குவதும் உண்டு.

ஸ்டாஃபர் நோய்க்கூட்டறிகுறி

அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மாரிஸ் ஸ்டாஃபர் 1961-இல் விவரித்த நிலை இது. சிறுநீரகப் புற்றுள்ள சிலருக்குக் கல்லீரலில் பரவற்கட்டி எதுவும் இல்லாமலே கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, கல்லீரல் சோதனைகள் மாறுபட்டிருந்தன. கட்டியை அகற்றியதும் அவை இயல்புக்குத் திரும்பின.

குருதிச் சோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்திருப்பது இதன் முதன்மை அடையாளம். குருதி உறையும் நேரம் நீளுதல், ஆல்புமின் குறைதல், குளோபுலின் உயர்தல் ஆகியவையும் காணப்படலாம். பிலிருபின் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மஞ்சள் காமாலையுடன் தோன்றும் வடிவம் அரிது. நோயாளிக்குக் காய்ச்சலும் எடை குறைவும் உடன் இருப்பது வழக்கம். கல்லீரலின் திசு ஆய்வில் குறிப்பிட்ட நோய் எதுவும் புலப்படாமல், பொதுவான அழற்சி மாற்றங்களே காணப்படும். ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், சிறுநீரகப் புற்றுநோயாளிகளுள் 3 முதல் 20 விழுக்காட்டினரிடம் இந்நிலை இருப்பதாகக் கூறப்படுகிறது. புரோஸ்டேட் புற்று போன்ற பிற நோய்களிலும் அரிதாகக் காணப்பட்டுள்ளது.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எலும்பிலிருந்தும் வரும் நொதி. ஆகவே அது உயர்ந்திருப்பதைக் கண்டதும் மூன்று வினாக்கள் எழுகின்றன: புற்று எலும்புக்குப் பரவியதா, கல்லீரலுக்குப் பரவியதா, அல்லது இரண்டுமின்றி ஸ்டாஃபர் நிலையா? காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்னும் மற்றொரு நொதியும் உயர்ந்திருந்தால் மூலம் கல்லீரலே எனக் கொள்ளலாம். சி.டி. அல்லது காந்த ஒத்ததிர்வுப் படத்தில் கல்லீரல் தெளிவாக இருப்பின் ஸ்டாஃபர் நிலை எனக் கருதி அறுவைக்குச் செல்ல முடியும்.

அறுவைக்குப் பின் 60 முதல் 70 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் சோதனைகள் இயல்புக்குத் திரும்புகின்றன. திரும்பாவிடில், கண்ணுக்குப் புலப்படாத புற்று எங்கோ எஞ்சியுள்ளது எனக் கருத இடமுண்டு. ஒருமுறை இயல்புக்கு வந்த அளவு மாதங்கள் கழித்து மீண்டும் உயர்ந்தால், அது நோய் திரும்பியதன் முதல் தடயமாக அமையலாம்.

அண்மைக் காலச் சிகிச்சைகள் இதில் புதிய குழப்பம் ஒன்றைச் சேர்த்துள்ளன. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள் கல்லீரல் அழற்சியை உண்டாக்கவல்லவை; பசோபனிப் போன்ற மாத்திரைகளும் கல்லீரலைத் தாக்கலாம். எனவே சிகிச்சையில் இருப்பவரின் கல்லீரல் நொதிகள் உயர்ந்தால், பரவற்கட்டி, ஸ்டாஃபர் நிலை என்பவற்றோடு மருந்தின் தீங்கையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. இம்மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறானது.

சிவப்பணு மிகுதலும் குருதிச்சோகையும்

ஒரே நோய் ஒருவருக்குச் சிவப்பணுக்களை மிகுவிக்கவும் மற்றொருவருக்குக் குறைக்கவும் கூடும் என்பது சிறுநீரகப் புற்றின் வியப்பான கூறுகளுள் ஒன்று.

சிவப்பணு மிகுதல் 1 முதல் 8 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. மேலே கூறிய எச்.ஐ.எஃப். வழியாகக் கட்டி எரித்ரோபொயட்டினைச் சுரப்பதும், அது எலும்பு மச்சையைத் தூண்டுவதும் இதற்குக் காரணம். எரித்ரோபொயட்டின் உயர்ந்திருக்கும் நோயாளிகள் இதைவிடப் பலர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோரிடம் சிவப்பணுக்கள் மிகுவதில்லை. அழற்சி மச்சையை அடக்கிவிடுவது இதன் ஒரு விளக்கம்.

எலும்பு மச்சையின் தன்னிச்சை நோயான பாலிசைத்தீமியா வேராவிலிருந்து இதனைப் பிரித்தறிவது எளிது. அந்நோயில் எரித்ரோபொயட்டின் தாழ்ந்திருக்கும். 2005-இல் கண்டறியப்பட்ட ஜாக்-2 மரபணு மாற்றம் ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கும். மேலும் அதில் மண்ணீரல் வீங்குவது வழக்கம். சிவப்பணு மிகுந்தும் ஜாக்-2 மாற்றம் இல்லாமலும் எரித்ரோபொயட்டின் உயர்ந்தும் இருப்பவருக்குச் சிறுநீரகங்களைப் படமெடுத்துப் பார்ப்பது மரபு.

ரஷ்யாவின் சுவாசியா குடியரசில் குடும்ப வழியில் வரும் சிவப்பணு மிகைநோய் ஒன்று இத்துறைக்கு நல்ல பாடமாக அமைந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் வி.எச்.எல். மரபணுவின் குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைப் பெறுவோருக்கு இந்நோய் வருகிறது என்று 2002-இல் அறியப்பட்டது. அவர்களுக்குச் சிவப்பணு மிகுகிறது. குருதி உறைவுத் தொல்லைகளும் நேர்கின்றன. ஆனால் சிறுநீரகப் புற்று வருவதில்லை. வி.எச்.எல். குறைவதால் மட்டும் சிவப்பணு மிகுதியும் புற்றும் ஒன்றாக வந்தாக வேண்டும் என்பதில்லை. குறையின் தன்மையும் அளவும் வேறுபட்டால் விளைவும் வேறுபடும் என்பதை இது காட்டுகிறது.

எச்.ஐ.எஃப்-2 ஆல்ஃபா புரதத்தைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்னும் மாத்திரைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் வான் ஹிப்பல்-லிண்டாவ் நோயாளிகளுக்காகவும், 2023-இல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்காகவும் ஒப்புதல் அளித்தது. இம்மருந்தின் மிகப் பொதுவான பக்கவிளைவு குருதிச்சோகை. எரித்ரோபொயட்டின் உற்பத்தி அதே புரதத்தைச் சார்ந்திருப்பதால், மருந்து தன் வேலையைச் செய்வதற்கே இது ஒரு சான்றாகிறது.

சிவப்பணு மிகுதியைவிடக் குருதிச்சோகையே பெருவழக்கு. சிறுநீரில் வெளியேறும் குருதியால் மட்டும் இதனை விளக்க இயலாது. இன்டர்லியூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்னும் புரதத்தை மிகுவிக்கிறது. ஹெப்சிடின் இரும்பைச் சேமிப்பு உயிரணுக்களுக்குள் அடைத்துவைக்கிறது. உடலில் இரும்பு இருந்தும் எலும்பு மச்சைக்கு அது கிட்டுவதில்லை. ஆகவே இரும்பு மாத்திரைகளால் இச்சோகை பெரிதும் மாறுவதில்லை.

காய்ச்சலும் உடல் மெலிவும்

ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல் காணப்படுகிறது. இரவு வியர்வை, பசியின்மை, எடை குறைவு ஆகியவை உடன் வரலாம். சிவப்பணு படிவு வீதம், மருத்துவமனை வழக்கில் ஈ.எஸ்.ஆர்., பாதிக்கும் மேற்பட்டோரிடம் உயர்ந்திருக்கும். இன்டர்லியூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி ஆகிய சைட்டோகைன்களே இவற்றுக்குக் காரணங்கள்.

காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில் இவ்வறிகுறிகளைக் கண்டதும் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பே. அவ்வாறு எண்ணுவது தவறும் அன்று. ஆயினும் சளியிலும் படத்திலும் காசநோய்க்கான சான்று கிடைக்காத நிலையில், வயிற்றின் மீயொலிப் படம் ஒன்று விரைவாக வேறு விடை தரக்கூடும். அது செலவு குறைந்த, தீங்கற்ற சோதனையாகும்.

நெடுநாள் அழற்சி நீடித்தால், கல்லீரல் உருவாக்கும் அழற்சிப் புரதம் ஒன்று இழைகளாகத் திரண்டு உறுப்புகளில் படியும். இது ஏ.ஏ. வகை அமிலாய்டு நோய் எனப்படும். சிறுநீரகப் புற்றுநோயாளிகளுள் 3 முதல் 5 விழுக்காட்டினரிடம் இது காணப்படுகிறது. கட்டியற்ற மறு சிறுநீரகத்திலும் அமிலாய்டு படிந்து சிறுநீரில் புரதம் வெளியேறுமாயின், கட்டியுள்ள சிறுநீரகத்தை அகற்றிய பிறகு நோயாளி எஞ்சிய பழுதுற்ற சிறுநீரகத்தையே நம்பியிருக்க நேரிடும்.

உயர் குருதி அழுத்தம்

சிறுநீரகப் புற்றுநோயாளிகள் பலருக்கு உயர் குருதி அழுத்தம் உண்டு. ஆனால் அதை இப்பட்டியலில் சேர்ப்பதில் எச்சரிக்கை தேவை. உயர் குருதி அழுத்தம் இப்புற்றுநோய்க்கான இடர்க்காரணிகளுள் ஒன்று. நடுவயதினரிடையே பொதுவாகவும் மிகுந்து காணப்படுவது. கட்டி ரெனினைச் சுரப்பதால் அழுத்தம் உயர்வது உண்மையான சார்பு நிலையாகும். கட்டி சிறுநீரகத் தமனியை நெருக்குவதாலும், கட்டிக்குள் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிடுவதாலும் அழுத்தம் உயரலாம். அவை கட்டியின் இட விளைவுகள். அறுவைக்குப் பின் மருந்தின்றியே அழுத்தம் இயல்புக்குத் திரும்பினால்தான் கட்டி காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலும்.

அரிய வடிவங்கள்

அண்ணீரகப் புறணியைத் தூண்டும் இயக்குநீரைக் கட்டி சுரப்பதால் குஷிங் நோய்க்கூட்டறிகுறி தோன்றுவதும், கருவெளியுறை இயக்குநீரைச் சுரப்பதால் ஆண்களுக்கு மார்பகம் பருப்பதும், குருதியில் சர்க்கரை ஏறுவதோ இறங்குவதோ பதிவாகியுள்ளன. நரம்பு அழற்சி, தசை நலிவு, மூளையின் நினைவுப் பகுதி அழற்சி ஆகியவையும் மிக அரிதாகக் காணப்படும். நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை பிறபொருளெதிரிகளால் வருபவை. ஒருமுறை அழிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை என்பதால், கட்டியை நீக்கினாலும் இவை முழுமையாகக் குணமாவதில்லை. இவ்வகையில் மேலே கூறிய இயக்குநீர் சார்ந்த நிலைகளிலிருந்து இவை வேறுபடுகின்றன.

சிகிச்சை

பரவாத கட்டியாயின் சிகிச்சை ஒன்றே: சிறுநீரகத்தையோ, கட்டியுள்ள பகுதியை மட்டுமோ அறுவையால் அகற்றுதல். இயக்குநீர், சைட்டோகைன் சார்ந்த கூட்டறிகுறிகளுள் பெரும்பாலானவை அதன்பின் தணிகின்றன.

பரவிய நோயில் நிலைமை வேறு. கூட்டறிகுறிகளைத் தணிப்பதற்காக மூலக்கட்டியை அகற்றும் வழக்கம் முன்னர் பரவலாக இருந்தது. 2018-இல் வெளியான கார்மெனா என்னும் ஆய்வு, இடைநிலை அல்லது கடும் இடர் கொண்ட நோயாளிகளுக்கு அறுவையின்றி சுனிட்டினிப் மருந்து மட்டும் கொடுப்பது, அறுவைக்குப் பின் அதே மருந்தைக் கொடுப்பதற்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. அதன்பின் எல்லோருக்கும் அறுவை என்னும் நிலை மாறி, கட்டியின் பெரும்பகுதி சிறுநீரகத்திலேயே இருப்போர், தாங்கவியலாத அறிகுறிகள் உடையோர் என்று தேர்ந்தெடுத்து அறுவை செய்யப்படுகிறது. மற்றவர்களுக்குப் புற்றுக்கான மருந்துகளே கூட்டறிகுறிகளுக்கும் மருந்தாகின்றன.

முன்கணிப்பு

பரவிய சிறுநீரகப் புற்றுள்ளோரின் வாழ்நாளை மதிப்பிட நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தின் ராபர்ட் மோட்சரும் உடன் பணியாற்றியோரும் 1999-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். 2009-இல் டேனியல் ஹெங் தலைமையிலான பன்னாட்டுக் குழு அதனைப் புதுப்பித்தது. இப்புதிய அளவுகோலில் ஆறு கூறுகள் உள்ளன. அவற்றுள் நான்கு எளிய குருதிச் சோதனைகள்: ஈமோகுளோபின் குறைவு, திருத்திய கால்சிய மிகுதி, நடுவமைநாடி வெள்ளணு மிகுதி, குருதிச் சிறுதட்டு மிகுதி. எஞ்சியவை நோயாளியின் பொதுவான இயங்குநிலையும், நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் மருந்து தொடங்க நேர்ந்ததா என்பதும் ஆகும். ஒன்றும் இல்லாதோர் நல்ல நிலையினர். ஒன்றோ இரண்டோ உள்ளோர் இடைநிலையினர். மூன்றும் அதற்கு மேலும் உள்ளோர் கடும் இடர் நிலையினர்.

இந்நான்கு குருதி அளவுகளும் இக்கட்டுரையில் கூறிய சார்பு விளைவுகளின் நிழல்களே. கட்டியின் பருமனோ அது பரவிய இடங்களோ இவ்வளவுகோலில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அறுவைக்கு முன் உயர்ந்திருந்த கால்சியம், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், எரித்ரோபொயட்டின் போன்ற அளவுகளைத் தொடர்கண்காணிப்பில் மீண்டும் மீண்டும் பார்ப்பது பயன் தரும். எனினும் தொடக்கத்தில் சார்பு நிலை கொண்டிருந்த நோயாளிக்கும் நோய் திரும்பும்போது அது மீண்டும் தோன்றியாக வேண்டும் என்பதில்லை. ஆகையால் குருதி அளவுகள் இயல்பாக இருப்பினும், குறித்த கால இடைவெளிகளில் மார்பு, வயிறு ஆகியவற்றின் ஸ்கேன் சோதனைகள் தொடர்ந்து செய்யப்படுகின்றன.